‘நடுநிலை’ என்று நீங்கள் எழுதியதைப் பற்றி: பயிற்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பயிற்சி, நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

உளவியல் ஆலோசகர்களுக்கான உங்கள் புதிய வரைவு விதிகளில் மூன்று இடங்களைப் பற்றி எழுதுகிறேன். பாலினம், பாலீர்ப்பு (ஒருவருக்கு யார்மீது ஈர்ப்பு என்பது) குறித்த பயிற்சி இதுவரை ஆலோசகர்கள் எல்லோருக்கும் கட்டாயமாக இருந்தது. இனி விருப்பப்பட்டவர்கள் எடுத்துக்கொண்டால் போதும் என்கிறீர்கள். சாதி, பாலினம், மதம், வருமானம் போன்ற ‘சமூக விஷயங்களை’ ஆலோசனைக்கு வந்தவர் தாமாக எடுத்தாலொழிய ஆலோசகர் பேசக் கூடாது, அவருக்காக வெளியே எந்த நிறுவனத்துக்கும் எழுதக் கூடாது என்கிறீர்கள். மூன்றாவதாக, குடும்பத்தார் கேட்டுக்கொண்டால் ‘பாலீர்ப்பு குறித்துத் தெளிவு தேடும் அமர்வுகள்’ நடத்தலாம் என்று ஒரே ஒரு வரி, பின்னிணைப்பில், கண்ணில் படாத இடத்தில். மூன்றுக்கும் நீங்கள் காட்டும் காரணம் ஒன்றுதான்: ஆலோசகரின் நடுநிலை.

17 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் தன்பாலீர்ப்பாளர்கள், இருபாலீர்ப்பாளர்கள், திருநர்கள் (திருநங்கைகள், திருநம்பிகள்), இன்னும் தங்களுக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொள்ளாதவர்கள். கீழே சொல்லப்போகிறவர்களின் வயது, வேலை, அடையாளம் தெரியக்கூடிய எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். என் பெயரை இங்கே போடாததும் அவர்களுக்காகத்தான். என்னிடம் வருகிறார்கள் என்று தெரிந்தாலே சிலருக்கு வீட்டில் ஆபத்து. உங்களுக்கு அனுப்பிய படியில் பெயரும் உறுப்பினர் எண்ணும் இருக்கின்றன.

நானும் நடுநிலையோடுதான் தொடங்கினேன். இரண்டாம் ஆண்டில் ஓர் இளைஞரை அவருடைய அப்பா அழைத்து வந்தார். வயது 24. அப்பா உட்கார்ந்ததும் சொன்னது: “கொஞ்சம் பேசி சரி பண்ணிடுங்க மேடம்.” சரிசெய்கிறேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லாததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. இரண்டு பக்கத்தையும் கேட்கிறேன் என்றேன். அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு மகனிடம் பாடத்தில் படித்த வரிசைப்படியே கேட்டேன். எப்போதிலிருந்து இப்படித் தோன்றுகிறது? சின்ன வயதில் ஏதாவது நடந்ததா? பெண்களோடு பழகிப் பார்த்ததுண்டா? குரலை உயர்த்தவில்லை, முகம் சுளிக்கவில்லை, தண்ணீர் கொடுத்தேன்.

எப்போதிலிருந்து என்று நாம் காய்ச்சலைப் பற்றிக் கேட்போம். ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி வரும் ஆணிடம் இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அவர் ஒவ்வொரு கேள்விக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார். இரண்டாவது அமர்வில் நான் எது சொன்னாலும் தலையாட்டினார். ‘பாலீர்ப்பில் குழப்பம். ஒத்துழைப்பு நன்று’ என்று கோப்பில் எழுதினேன். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் குழப்பம் என்ற சொல்லைச் சொல்லவே இல்லை, அது முழுக்க என் சொந்தச் சரக்கு.

மூன்றாவது அமர்வுக்கு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அப்பாதான் போன் செய்தார். “ரொம்ப நன்றிங்க மேடம், கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டான்.” அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன். பரவாயில்லைங்க என்றுகூடச் சொன்னேன். அந்த இளைஞரோடு, நான் ஒருநாளும் பார்க்காத ஒரு பெண்ணின் வாழ்க்கையும் அந்த ஒப்புதலுக்குள் போனது. நான் யாரையும் மாற்ற முயலவில்லை என்று அன்று சத்தியம் செய்திருப்பேன். உங்கள் வரைவு விதிகளின்படி பார்த்தால், அந்த இரண்டு அமர்வுகளில் நான் ஒரு தவறும் செய்யவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

யோசித்துப் பாருங்கள். அவர் என் அறைக்குள் வரும்போதே அப்பா ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், பள்ளிக்கூடத்தில் கேட்ட கேலி, சினிமாவில் பார்த்த கேலி எல்லாம் அதே பக்கம். கட்டணம் கட்டுவதும் அப்பா. இன்னொரு பக்கத்தில் அவர் தனி. அந்த நேரத்தில் நான் எந்தப் பக்கமும் சாயாமல் உட்கார்ந்திருந்தால், கூட்டம் இருக்கும் பக்கத்தில் ஓர் ஆள் கூடியதாகத்தான் அவருக்குப் படும். பட்டது. தலையாட்டிவிட்டுப் போனார்.

நம் தொழிலின் பழைய கணக்கையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். 1851-ல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், எசமானிடமிருந்து தப்பி ஓடும் அடிமைகளுக்கு ‘ட்ராபெட்டோமேனியா’ என்ற மனநோய் இருப்பதாக எழுதினார். தப்பி ஓடுவது நோய், ஓட வைத்தது நோயில்லை! அதைப் படித்து இன்று சிரிக்கிறோம். ஆனால் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது நம்மில் பலர் பிறந்த பிறகுதான். அமெரிக்க உளவியலாளர் எவலின் ஹூக்கர் 1957-ல் வெளியிட்ட ஆய்வை எல்லோரும் வகுப்பில் படித்திருப்போம். தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் 30 பேர், மற்ற ஆண்கள் 30 பேர். எல்லோருக்கும் ஒரே உளவியல் சோதனைகள். முடிவுகளிலிருந்து பெயரையும் விவரத்தையும் நீக்கிவிட்டு, பெயர்பெற்ற நிபுணர்களிடம் யார் யார் என்று பிரித்துச் சொல்லுங்கள் என்று கொடுத்தார். அவர்களால் பிரிக்க முடியவில்லை. அதற்குப் பிறகும் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்துக்கு அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க 1973 டிசம்பர் வரை ஆனது.

நடுவில் 1972-ல் அந்தச் சங்கத்தின் மாநாட்டு மேடையில் ஒருவர் முகமூடி, பொய்முடி, குரலை மாற்றும் மைக் சகிதம் உட்கார்ந்து, நான் ஓர் உளமருத்துவர், நான் தன்பாலீர்ப்பாளன் என்று சொன்னார். ஜான் ஃபிரையர் என்ற அவர் பெயர் அப்போது அறிவிக்கப்படவில்லை. தானாக வெளிப்படையாகச் சொன்னது 1994-ல். உளமருத்துவர்கள் கூடிய சபையில் ஓர் உளமருத்துவர் முகத்தைக் காட்டிப் பேச முடியாத நிலை என்றால், அந்தச் சபையின் முன்னால் நோயாளிகளாக உட்கார்ந்தவர்கள் என்ன பேசியிருப்பார்கள்? 1973 முடிவைப் பொறுக்காதவர்கள் அடுத்த ஆண்டு உறுப்பினர்களிடையே வாக்கெடுப்புக் கேட்டு வாங்கினார்கள். 5,854 பேர் நீக்கியது சரி என்றார்கள், 3,810 பேர் தவறு என்றார்கள். ஒரு மனிதர் நோயாளியா இல்லையா என்பதை வாக்குப் பெட்டியில் தீர்த்த தொழில் இது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றுதான் தன் பட்டியலிலிருந்து எடுத்தது. திருநர்களின் அனுபவத்தை மனநோய்ப் பிரிவிலிருந்து வெளியே கொண்டுவந்த பட்டியல் நடைமுறைக்கு வந்தது 2022-ல், அதாவது நேற்று.

இவ்வளவு தாமதமாகக் கற்றுக்கொண்ட நாம், அந்தப் பாடத்தை இப்போது விருப்பப் பாடமாக்குகிறோம். விருப்பப்பட்டு வருகிறவர்கள் யார்? ஏற்கெனவே பாதி தெரிந்தவர்கள். அன்றைய என்னைப் போன்ற ஆள், தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்த அந்த ஆள், ஒருபோதும் வந்திருக்க மாட்டாள். 2021-ல் குடும்பங்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு இரண்டு பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கு முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு உத்தரவு எழுதினார். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சையை அந்த ஜூன் 7 உத்தரவு தடை செய்தது. ஒரு நீதிபதி கற்றுக்கொள்ள நம்மைப் போன்ற ஒருவரிடம் வருகிறார். நாமோ நமக்கே அந்தப் பாடம் கட்டாயமில்லை என்கிறோம். இதைவிடப் பெரிய முரண் எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் அந்தப் பின்னிணைப்பு வரி. ‘தெளிவு தேடும் அமர்வு’ என்ற பெயர் எனக்குப் புதிது, சரக்கு பழையது. மாற்றுகிறேன் என்று சொன்னால் இப்போது கேள்வி கேட்பார்கள் என்பதால் பெயர்கள் மாறிக்கொண்டே வருகின்றன. தெளிவு வேண்டும் என்று அந்த நபரே கேட்டால் நானும் கூட உட்காருவேன், எத்தனை மாதமானாலும். உங்கள் வரியில் கேட்பது குடும்பம். குடும்பம் தேடும் தெளிவு எந்தத் திசையில் இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தன் மகள் தன்பாலீர்ப்பாளர்தானா என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போகவேண்டும் என்று கட்டணம் கட்டிய பெற்றோரை 17 ஆண்டுகளில் நான் சந்திக்கவில்லை.

“வந்தவரே மாற வேண்டும் என்று கேட்டால்?” என்று உங்களில் ஒருவர் கலந்துரையாடலில் கேட்டார். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். கேட்கிறார்கள். அழுதுகொண்டே கேட்கிறார்கள். இதே கேள்விக்காகத்தான் 1980-ல் அமெரிக்கப் பட்டியலில், தன் ஈர்ப்பால் தானே வருந்துகிறவர்களுக்கென்று தனியாக ஒரு நோய்ப் பெயர் வைத்துப் பார்த்தார்கள். ஏழே ஆண்டில், 1987-ல், எடுத்துவிட்டார்கள். சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் வெறுக்கும் ஒன்றைத் தன்னிடம் வைத்திருப்பவர் வருந்தாமல் என்ன செய்வார்? 1973 மாற்றத்தில் முன்னால் நின்ற உளமருத்துவர் ராபர்ட் ஸ்பிட்ஸரே பிறகு, மாறிவிட்டோம் என்று சொன்ன 200 பேரைத் தொலைபேசியில் பேட்டி கண்டு, சிலர் மாற முடியும் என்று 2003-ல் எழுதினார். அந்தக் கட்டுரையை ஆயுதமாக எடுத்துக்கொண்டு எத்தனையோ அறைகளில் எத்தனையோ பேரை உட்கார வைத்தார்கள். அவர்கள் சொன்னதைச் சரிபார்க்க என்னிடம் வழியில்லை என்று ஒப்புக்கொண்டு 2012-ல் அவர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு நேர்மையானது என்றே நினைக்கிறேன். ஆனால் நடுவில் போன ஒன்பது ஆண்டு யாருடையது?

மாற வேண்டும் என்று கேட்பவரிடம் நான் இப்போது கேட்பது: நாளைக்கே மாறிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம், வீட்டில் முதலில் என்ன மாறும்? அநேகமாக எல்லோரும் ஒரு காட்சியைச் சொல்வார்கள். அம்மா மறுபடி பேசுவார். அண்ணன் முகம் பார்ப்பான். சாமி கும்பிடப் போகும்போது உடம்பு கூசாது. அப்போது எங்கே வலிக்கிறது என்று இருவருக்கும் தெரிந்துவிடும். அந்த இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும். நம்பிக்கை உள்ளவரின் கடவுளையும் நான் பிடுங்க மாட்டேன், அவருடைய காதலையும் பிடுங்க மாட்டேன்.

இந்த அணுகுமுறையைச் சிலர் கொடி பிடிப்பது என்று நினைக்கிறார்கள். என் அறையில் கொடி இல்லை. ஒரு படிவத்திலிருந்து சொல்கிறேன். முன்பு எங்கள் படிவத்தில் ‘அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு பெண் அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்பா பெயரை எழுதினார், அடித்தார். “இதை நிரப்பியே ஆகணுமா?” என்றார். அவருக்கு அவசரம் என்று ஒன்று வந்தால் அது அப்பாவிடமிருந்துதான் வரும். அன்றோடு கேள்வியை மாற்றினேன். உங்களுக்கு ஏதாவது என்றால் யாரைக் கூப்பிட்டால் நிம்மதி? யாரைக் கூப்பிடவே கூடாது? பலர் இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் எழுதுகிறார்கள். இதில் என்ன சித்தாந்தம் இருக்கிறது, சொல்லுங்கள். தவறான எண்ணுக்கு நான் போன் செய்துவிட்டால் ஒரு பெண்ணின் உயிருக்கே ஆபத்து, அவ்வளவுதான்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள முடியாதவர்கள் நிறையப் பேர். அவர்களோடு எழுத்திலேயே அமர்வு நடத்துகிறேன். யாராவது அறைக்குள் வந்துவிட்டால் என்ன சொல்வது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நான் ஆங்கில ட்யூஷன் டீச்சர். நடுவில் திடீரென்று “பாசிவ் வாய்ஸ் புரியலை மிஸ்” என்று வந்தால் நானும் இலக்கணம் நடத்தத் தொடங்கிவிடுவேன். அவருக்கு இப்போது பாசிவ் வாய்ஸ் உண்மையிலேயே நன்றாக வருகிறது.

வெளியே சொல்லிவிடுங்கள், பாரம் குறையும் என்று நான் யாரையும் தள்ளியதில்லை. சொன்னால் வீட்டைவிட்டுத் துரத்தப்படுவாரா, படிப்பு நிற்குமா, கையில் ஒரு மாதத்துக்காவது பணம் இருக்கிறதா என்பதையெல்லாம் சேர்ந்து கணக்குப் போட்ட பிறகு, சொல்லாமலிருப்பதே இப்போதைக்குப் புத்திசாலித்தனம் என்று முடிவானால் அதற்கும் துணை நிற்கிறேன். ஏற்று நிற்பது என்றால் செய்வதற்கெல்லாம் ஆமாம் போடுவதும் கிடையாது. தன் துணைவரை அடித்த ஓர் ஆண் என்னிடம் வந்தார். உலகம் எனக்குச் செய்த கொடுமை என்று தொடங்கினார். உலகம் கொடுமை செய்தது உண்மை, அடித்த கை உங்களுடையது என்று சொன்னேன். மூன்று வாரம் வரவில்லை, அப்புறம் வந்தார்.

பெற்றோரை எதிரியாக்குகிறோம் என்ற குற்றச்சாட்டையும் கேட்டிருக்கிறேன். “நான் எங்க தப்பு பண்ணேன்?” என்று கேட்ட அம்மாக்கள் எத்தனை பேர் என்று எண்ணவில்லை. அவர்களுடைய துக்கம் உண்மையானது. நினைத்து வைத்திருந்த ஓர் எதிர்காலம் கையைவிட்டுப் போகிறது. அவர்களுக்குத் தனி நேரம் கொடுக்கிறேன், பிள்ளையின் அமர்வைப் பிடுங்கிக் கொடுப்பதில்லை. பிள்ளை சொன்னதை அவர்களிடம் சொல்வதுமில்லை, கட்டணம் கட்டுவது யாராக இருந்தாலும்.

இனி உங்கள் இரண்டாவது விதி. இதில்தான் எனக்கு அதிகக் கோபம், ஏனென்றால் கேட்க நியாயமாகத் தெரிவது இதுதான்.

அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு திருநங்கை பதற்றம், தூக்கமின்மை என்று வந்தார். எனக்கு முன்னால் இரண்டு ஆலோசகர்களிடம் போயிருந்தார். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார்கள், நன்றாகவே சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அவர் என்னிடம் செய்தும் காட்டினார். ஒருநாள் முழுவதும் எப்படிப் போகிறது என்று காலையிலிருந்து சொல்லச் சொன்னேன். காலையில் தண்ணீர் குடிப்பதில்லை என்றார். ஏன் என்றால், அலுவலகத்தில் எந்தக் கழிப்பறைக்குப் போனாலும் பிரச்சினை. எட்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்திருக்கிறது. பகல் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருக்கும் உடம்பு இரவில் எப்படித் தூங்கும்?

ஆய்வாளர் இலான் மேயர் 2003-ல் எழுதிய ‘சிறுபான்மையர் அழுத்தம்’ பற்றிய கட்டுரை இதைத்தான் விளக்குகிறது. நேரடியாக நடக்கும் அவமதிப்பு, எப்போது நடக்குமோ என்று காத்திருக்கும் எச்சரிக்கை, மறைத்து வாழும் உழைப்பு, ஊர் பேசியதைத் தானே நம்பத் தொடங்குவது. இவை அடுக்கடுக்காக ஒருவர்மேல் ஏறுகின்றன. மேலே ஏறியதை இறக்காமல் மூச்சை மட்டும் சீராக்கச் சொல்வது, சுமை தூக்குகிறவரிடம் நிமிர்ந்து நில் என்று சொல்வது மாதிரி.

அவருடைய சம்மதத்தோடு, அவர் முன்னாலேயே எழுதி, அவர் இரண்டு வரியை நீக்கச் சொன்னதை நீக்கி, நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். ஒரு பக்கம்தான். கழிப்பறை கிடைத்தது. சில வாரங்களில் தூக்கம் வரத் தொடங்கியது. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று கதை கட்ட மாட்டேன். வேறு பல விஷயங்களுக்காக அவர் இன்னும் வருகிறார். உங்கள் விதிப்படி அந்தக் கடிதம் எல்லை மீறல். கழிப்பறை சமூக விஷயம், அவர் தாமாக எடுக்கவும் இல்லை, நான்தான் தோண்டிக் கேட்டேன். கேட்காமல் விட்டிருந்தால் மூன்றாவது ஆலோசகராக நானும் ஒரு மூச்சுப் பயிற்சி கொடுத்து அனுப்பியிருப்பேன்.

தாமாக எடுத்தால் பேசலாம் என்கிறீர்களே, எல்லாவற்றையும் எல்லோராலும் தாமாக எடுக்க முடியுமா? ஒரு பெண் தன் காதலியைப் பற்றி என்னிடம் முதல் அமர்விலேயே சொன்னார். தன் சாதியைச் சொல்ல அவருக்கு ஏழு மாதம் ஆனது. அதுவும் நான் கேட்ட பிறகு. தன்னைப் போன்றவர்கள் கூடும் குழுக்களில்கூட அவர் ஓரமாகவே உட்கார்ந்திருந்திருக்கிறார்; அங்கே பாலீர்ப்பு ஒன்றாக இருந்தது, மற்றதெல்லாம் வெளியே இருப்பது போலவே இருந்தது. நான் என்ன நினைப்பேனோ என்ற பயத்தில் என்னிடமும் ஏழு மாதம் மறைத்திருக்கிறார். முதல் மாதமே கேட்டிருக்க வேண்டும். கேட்காமலிருந்ததை நான் அன்று நாகரிகம் என்று நினைத்திருந்தேன். நாகரிகம் யாருக்கு வசதி என்று இப்போது தெரிகிறது.

ஃபிரான்ஸ் ஃபனோன் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில் உளமருத்துவராக இருந்தபோது, சித்திரவதை செய்யப்பட்டவர்களுக்கும் சிகிச்சை கொடுத்தார், சித்திரவதை செய்த காவலர்களுக்கும் கொடுத்தார். அதைவிட நடுநிலையான மருத்துவர் யார் இருக்க முடியும்? 1956-ல் அவரே, இந்த ஆட்சியில் இந்த வேலையை இனிச் செய்ய முடியாது என்று ராஜினாமாக் கடிதம் எழுதினார். வெளியே ஆளை உடைத்துக்கொண்டே இருக்கிறார்கள், உள்ளே நான் ஒட்டிக்கொண்டே இருக்கிறேன் என்ற நிலையை அவரால் தாங்க முடியவில்லை. நான் ராஜினாமா செய்வதாக இல்லை. இங்கேயே இருந்து உங்களிடம் கேட்கப்போகிறேன்.

பின்னிணைப்பில் உள்ள அந்த வரியை முழுவதும் நீக்குங்கள், சொல் மாற்றி வைக்க வேண்டாம். அந்த இடத்தில், எந்தப் பெயரில் செய்தாலும் ஒருவரின் பாலீர்ப்பையோ பால் அடையாளத்தையோ மாற்றவோ அடக்கவோ முயல்வது தொழில் ஒழுங்கீனம் என்று எழுதுங்கள். இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் மருத்துவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டது. ஐரோப்பிய நாடான மால்டா 2016-லேயே சட்டம் போட்டது. நாம் முதலில் ஓடவேண்டியதில்லை, பின்னால் போகவேனும் செய்யலாம். பாதிக்கப்பட்டவர் குடும்பத்தாரின் கையெழுத்து இல்லாமல், வீட்டு முகவரிக்குத் தபால் வராமல், புகார் கொடுக்க ஒரு வழியையும் அதே விதியில் சேர்க்க வேண்டும்.

பாலினம், பாலீர்ப்புப் பயிற்சியை மறுபடி கட்டாயமாக்குங்கள். பழைய வடிவிலேயே வேண்டும் என்று கேட்கவில்லை, பழையதும் போதாது. ஒரு பிற்பகலில் விளக்கச் சொற்களை மனப்பாடம் செய்துவிட்டுப் போவதாகத்தான் அது இருந்தது. மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து, நாம் கேட்ட கேள்விகளை நாமே திரும்பப் படித்துப் பார்க்கும் நேரம் அதில் இருக்க வேண்டும். பாடத்தை வகுப்பதிலும் நடத்துவதிலும் பால்புதுமையினரும் (தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர் முதலானோர்) திருநரும் இருக்க வேண்டும், சம்பளத்தோடு. அனுபவத்தைப் பகிர வாருங்கள் என்று கூப்பிட்டு, அழவைத்துவிட்டு, டீ கொடுத்து அனுப்புவது இனி வேண்டாம். சாதி, வர்க்கம், உடற்குறை எல்லாம் இந்தப் பாடத்துக்குள்ளேயே வரட்டும், தனி அத்தியாயமாக ஒதுக்கிவிடாதீர்கள்.

‘சமூக விஷயங்கள்’ விதியையும் எடுத்துவிடுங்கள். எல்லை வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடில்லை. வெளியே எழுதும் எந்தக் கடிதத்துக்கும் வந்தவரின் எழுத்துச் சம்மதம், அனுப்பும் முன் அவர் படித்துப் பார்ப்பது, தேவைக்கு மேல் ஒரு விவரமும் போகாமல் பார்ப்பது, மேற்பார்வையாளருக்குத் தகவல். இப்படி எழுதிக் கொடுங்கள், முதல் ஆளாகக் கையெழுத்திடுகிறேன். குறைந்த கட்டணத்திலும் கட்டணமில்லாமலும் நடத்தும் அமர்வுகளைப் பயிற்சி மணிநேரத்தில் முழுதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது அவற்றைச் சேர்க்காததால் இளம் ஆலோசகர்கள் காசு கொடுக்க முடியாதவரைத் தட்டிக்கழிக்கிறார்கள். உங்கள் மாதிரிப் படிவத்தில் அவசரத் தொடர்புக் கட்டத்தையும் மாற்றுங்கள். இதற்குக் கூட்டம்கூடத் தேவையில்லை.

வரைவை இறுதி செய்யும் முன், ஆலோசகருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்களையும் கேளுங்கள். பெயர் சொல்லாமல், எழுத்து மூலமாகப் பேச ஆயத்தமாக இருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே ஒன்பது பேர் இருக்கிறார்கள். இந்த மடலில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா, ஏன் என்று எழுத்தில் பதில் வேண்டும்.

அதுவரை என்னிடம் பயிலும் மாணவர்களுக்கு அந்தப் பயிற்சி கட்டாயம்தான். ‘தெளிவு தேடும் அமர்வு’ என்று எழுதி அனுப்பப்படும் யாரையும் அந்த நோக்கத்துக்காக ஏற்க மாட்டேன். அவரிடம் தனியாகப் பேசி, அவருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்பேன். இதற்காக என்மீது நடவடிக்கை எடுப்பதானால் விளக்கக் கடிதத்தை உங்களிடம் உள்ள முகவரிக்கு அனுப்புங்கள், வந்தவர்களுக்காக நான் எழுத வேண்டிய கடிதங்களையும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிவேட்டில் உள்ள ஓர் ஆலோசகர்